தடித்த தந்தியும் சமையலறைச் சுவரும்

மணி ஆறேமுக்கால் இருக்கும். கடைசிப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போகிற சாலை அது. இரண்டு பக்கமும் கிடங்குகள். ஆறு மணி அடித்ததும் இரும்புக் கதவுகளை இழுத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் ஈ, காக்கை கிடையாது. தெருவிளக்குகள் மூன்று. எரிவது ஒன்று...

அந்தச் சாலையில் ஓர் ஆள் தனியாக வருகிறான். நல்ல உயரம். அவனைவிட உயரமான ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி, தோளில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வருகிறான். அதற்குத் தலை இருக்கிறது, கழுத்து இருக்கிறது, இடுப்பு இருக்கிறது. கால்தான் இல்லை. காலுக்குப் பதில் ஒற்றைச் சக்கரம். கிரீச்... கிரீச்... கிரீச்...

பயப்படாதீர்கள். பிணமில்லை. டபுள் பாஸ். வயலின் வம்சத்திலேயே பெரிய உருப்படி, நின்றுகொண்டு வாசிக்கிற வாத்தியம். அதன் தடித்த தந்தியை ஒரு தரம் சுண்டினால் சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடும். பயப்பட வேண்டியது இனிமேல்தான். யாராவது அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், காற்று வருகிறது.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய நண்பன், அவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. நண்பன் இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். போன மழைக்காலத்தில் அவனும் போய்விட்டான். இனி இதைச் சொல்ல நான்தான் மிச்சம்.

அந்த மாமாவுக்கு வேலை, தந்தி வாத்தியங்களைப் பழுது பார்ப்பது. ஊரில் அவருக்கு வச்சிரம் என்று பட்டப்பெயர். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசைக்கு வச்சிரம் என்று பேர். அவர் அடுப்பில் எப்போதும் ஒரு சின்னப் பாத்திரத்தில் அது காய்ந்துகொண்டே இருக்கும். சட்டையில் அந்த வாசனை, தலைமுடியில் அந்த வாசனை. நனைந்த நாய் வெயிலில் காய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு வேலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் மாட்டார். அதற்கும் அந்தப் பேர் பொருந்தியது.

கிரீச் சத்தம் வாசலில் வந்து நின்றது. மாமா கதவைத் திறந்தார். உயரக்காரனை அவருக்குத் தெரியும். ஒட்டடைக்குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"என்ன தம்பி, இந்த நேரத்துல?"

"அண்ணா, நீங்கதான் பாக்கணும். வேற வழியில்ல."

"பாஸ் வேலை நான் எடுக்கறதில்ல. விட்டுப் பதினோரு மாசம் ஆச்சு. சின்ன உருப்படி இருந்தா குடு."

"தெரியும். அண்ணி போனதுக்கு அப்புறம் நீங்க தொடறதில்லன்னு சொன்னாங்க." ஒட்டடைக்குச்சி தலை குனிந்துகொண்டான். "ஆனா இது... அன்னைக்கு இங்க இருந்ததுதான் அண்ணா. நீங்க கடைசியா பாத்தது."

மாமா துணியை விலக்கினார். இடது தோளில் பழைய ஒட்டு, உள்ளங்கை அகலம். அதே வாத்தியம்தான்.

"என்ன கோளாறு?"

"கீழ ஓரத்துல ஒட்டு விட்டிருக்கு, அது ஒண்ணும் பெருசில்ல. இன்னொண்ணு... தடித்த தந்தியைச் சுண்டினா, பின்னாடியே எங்கயோ தட்டற மாதிரி ஒரு சத்தம். ரெண்டு பேர்கிட்ட காட்டிட்டேன். ஒருத்தன் காது டாக்டரப் பாக்கச் சொல்றான். கச்சேரில பக்கத்துல நிக்கறவன், எதுக்குடா கால தட்டறன்னு கேக்கறான்."

"எத்தன தட்டு?"

அந்தக் கேள்வி எதற்கென்று ஒட்டடைக்குச்சிக்குப் புரியவில்லை.

"ஒண்ணு" என்றான்.

மாமா அந்தப் பழைய ஒட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு வழி விட்டு ஒதுங்கி நின்றார். "உள்ள கொண்டு வந்து வை."

இந்த இடத்தில் அந்த வீட்டை நீங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருப் பக்கம் பட்டறை அறை. அதற்குப் பின்னால் சமையலறை. நடுவில் ஒரு சுவர்தான், ஆனால் அதில் கதவு கிடையாது. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் பட்டறையிலிருந்து பக்கத்து நடைக்கு வந்து, அதன் கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். மாமா நடந்தால் பதினொரு காலடி.

அந்தச் சுவர்தான் மாமா, அத்தை இரண்டு பேருடைய தொழிலுக்கே மூலதனம்.

டபுள் பாஸின் வயிற்றுக்குள் ஒரு சின்னத் தூண் நிற்கும். விரல் தடிமன்தான். மேற்பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே சும்மா நிற்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. தந்திகளின் இழுப்பில் மேற்பலகை அழுந்துகிறதே, அந்த அழுத்தத்தில்தான் நிற்கிறது. விவரம் தெரியாதவன் நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் தூண் உள்ளே டொக்கென்று விழுந்துவிடும். அதை மயிரிழை இந்தப் பக்கம் தள்ளினால் வாத்தியம் உறுமும், மயிரிழை அந்தப் பக்கம் தள்ளினால் ஜலதோஷம் பிடித்த மாதிரி பேசும். சரியான இடம் ஒன்றே ஒன்று. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வயிற்றின் நெளிந்த துளை வழியாகப் பாம்பு மாதிரி வளைந்த ஓர் இரும்பை விட்டு, தட்டித் தட்டி நகர்த்துவார்கள்.

சிக்கல் என்னவென்றால், பக்கத்தில் நிற்பவனுக்கு அந்தச் சத்தம் சரியாகக் கேட்காது. அடித் தந்தியின் நாதம் தள்ளி நின்றால்தான் பிடிபடும். அதனால் மாமா பட்டறையில் தூணை நகர்த்துவார், தந்தியைச் சுண்டுவார். அத்தை சமையலறையில் தன் வேலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். வாயால் பேச்சே இல்லை. கையிலிருக்கும் கரண்டிக் காம்பால் சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால், இன்னும் இல்லை. இரண்டு தட்டு என்றால், அதுதான், கையை எடுங்கள். அவ்வளவுதான் பாஷை.

அத்தைக்கு ராகம் தெரியாது, சுரம் தெரியாது. ஆனால் அவள் இரண்டு தட்டு தட்டிய வாத்தியத்தை எந்த வித்வானும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. யாராவது மாமாவைப் புகழ்ந்தால் உள்ளேயிருந்து குரல் வரும். "அவர் காதுல பாதி மரத்தூள்தாங்க. கேக்கறது நான், பேர் அவருக்கு."

மாமாவும் விடமாட்டார். "சும்மா இருக்கற சுவத்த தட்டறது ஒரு வேலையா?"

இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடியது. பிள்ளை குட்டி கிடையாது. அந்தத் தட்டுகள்தான் அந்த வீட்டின் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம்.

பதினொரு மாதத்துக்கு முன்னால், அன்றைக்கும் இதே ஆறேமுக்கால்தான். இதே வாத்தியம். மாமா தூணை நிறுத்திவிட்டுச் சுண்டினார். சுவரில் ஒரு தட்டு. சரி, இன்னும் இல்லை. நகர்த்தினார். சுண்டினார். ஒரு தட்டு. மறுபடி நகர்த்தினார். ஒரு தட்டு... என்ன இது, இன்றைக்கு அம்மணிக்கு ஒன்றுமே பிடிக்கவில்லையே என்று வாய்க்குள் முனகிக்கொண்டார். எட்டுத் தரம் நகர்த்தினார். எட்டுத் தட்டு. கடைசித் தட்டு கேட்டும் கேட்காத மாதிரி இருந்தது. ஒன்பதாவது தரம் சுண்டினார். சத்தமே இல்லை. சரி, கையில் வேலையாக இருப்பாள், தட்ட மறந்திருப்பாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, இரும்பைத் துடைத்து வைத்து, கை கழுவலாமென்று உள்ளே போனார்.

அத்தை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை சாய்ந்திருந்தது. ஒரு கை மட்டும் சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டு...

கரண்டி அடுப்பு மேடையில் இருந்தது.

வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். இதயம்தான், ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும், வலியே தெரிந்திருக்காது என்றார்கள். மாமா தலையாட்டினார். ஒரு நிமிஷமில்லை என்று அவருக்குத் தெரியும். எட்டுத் தட்டு. ஏறக்குறைய அரை மணி. கரண்டிக் காம்பு சுவரில் பட்டால் டக் என்று கேட்கும். கை முட்டி பட்டால் தொப் என்று கேட்கும். மரத்தில் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு அன்றைக்கு அது கேட்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டபுள் பாஸ் வேலையை மட்டும் விட்டுவிட்டார்.

இப்போது அந்த வாத்தியம் வந்து பட்டறை மூலையில் நிற்கிறது.

முதல் நாள் ஒட்டு விட்டிருந்த ஓரத்தைச் சுத்தம் செய்து, பசை காய்ச்சி ஊற்றி, மரப் பிடிகளை வரிசையாக மாட்டி இறுக்கினார். இரண்டாம் நாள், அந்தப் பசை காய்கிற வரை, வேறு யாரோ கொடுத்திருந்த ஒரு வயலினுக்குத் தந்திகளைத் தாங்கும் குதிரையைப் புதிதாகச் செதுக்கினார். குதிரையின் பாதம் மேற்பலகையில் இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். அதற்குப் பலகையில் சாக்பீஸ் தூளைத் தூவி, குதிரையை வைத்து எடுத்து, எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் சுரண்டுவார்கள். நாள் முழுவதும் அதைச் செய்தார். வீட்டில் வேறு சத்தமில்லை. ஒரு தடவை இருமினார். மூலையிலிருந்து தந்திகள் மெல்ல ம்ம்... என்று அதிர்ந்தன. அதில் அதிசயமில்லை, நல்ல வாத்தியம் அறையில் எழும் சத்தத்துக்கெல்லாம் பதில் சொல்லும். ஆனாலும் மாமா வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மாதத்தில் அந்த வீட்டில் அவருக்கு ம்ம் சொன்னது அது ஒன்றுதான்.

"டீ போடவா?" என்றார் சும்மா.

ம்ம்...

மூன்றாம் நாள் தூணைப் பார்த்தே ஆகவேண்டும் என்று வந்துவிட்டது. பல் டாக்டர் வைத்திருப்பாரே நீளக் காம்பில் சின்னக் கண்ணாடி, அதையும் விளக்கையும் துளைக்குள் விட்டுப் பார்த்தார். தூண் நிமிர்ந்துதான் நின்றது. அதன் தலைக்குப் பக்கத்தில், பலகையின் உட்பக்கத்தில், மங்கலாக ஒரு வட்டம். மிருதுவான மரம், தூண் அழுத்திய அடையாளம். அதை ஒட்டி இன்னொன்று... இன்னொன்று... விரலால் காற்றில் எண்ணினார். எட்டு வட்டம். ஒன்பதாவதன் மேல் தூண் நிற்கிறது.

எட்டுத் தடவை அவள் கூப்பிட்டிருக்கிறாள். எட்டையும் மரம் எழுதி வைத்திருக்கிறது.

கண்ணாடியை வெளியே எடுத்தார். மணி பார்க்கவில்லை. தடித்த தந்தியைக் கட்டைவிரலால் ஒரு தரம் சுண்டினார்.

தூம்...

நாதம் தரை வழியாகப் போய், சுவரில் ஏறி, அடங்கியது.

தொப்.

ஒரு தட்டு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தாழ்வாக, தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் தோள் உயரத்திலிருந்து.

மாமா இந்தத் தடவை இரும்பைத் தொடவில்லை. ஓடினார். பதினொரு காலடி. சமையலறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டார். யாருமில்லை. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. சுவரோரம் தரையில் கை வைத்துப் பார்த்தார்...

தரை வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பி வந்து சுண்டினார். தொப். ஓடினார். யாருமில்லை. மறுபடி. எட்டுத் தடவை ஓடினார், அறுபத்திரண்டு வயதில். ஒவ்வொரு தட்டும் முந்தினதைவிடச் சன்னமாக இருந்தது. ஒன்பதாவது தரம் சுண்டியபோது ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள்தான் என் நண்பன் அங்கே போனான். கடைசி நிறுத்தத்தில் அவனுக்கு ஆறேகாலிலிருந்து ஏழரை வரை ஓய்வு. வண்டியை நிறுத்திவிட்டு மாமாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவது வழக்கம். போனால் மாமா நடையில் கிடந்த ஸ்டூலை, சாமான் பெட்டியை எல்லாம் ஒதுக்கி வழியைக் காலி செய்துகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை.

"என்ன மாமா, ஓட்டப் பந்தயமா?"

"ஆமாடா" என்றார். சிரிக்கவில்லை. அப்புறம் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். கரண்டிச் சத்தம், முட்டிச் சத்தம், எட்டு வட்டம், எல்லாம்.

நண்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அது உங்க தப்பில்ல மாமா."

"யாரு தப்புன்னு கேக்கலடா. அவ இன்னும் கூப்பிட்டுட்டு இருக்கா. நான் இன்னும் போய்ச் சேரல. அதத்தான் சொல்றேன்."

"மனசுல இருக்கறதுதான் காதுல கேக்குது. எங்க வீட்டுக்கு வந்து ஒரு பத்து நாள் இருங்க."

"நீ போய்ச் சமையலறைல உக்காரு. கேக்குதா இல்லையான்னு சொல்லு."

கிழவரைத் திருப்திப்படுத்தலாமென்று இவன் போய் அந்தச் சுவரோரம் உட்கார்ந்தான். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டான். பட்டறையில் தந்தி அதிர்ந்தது. தூம்... காதில் வேறு எதுவும் விழவில்லை. தட்டுச் சத்தம் கிடையாது. ஆனால் உள்ளங்கைக்குக் கீழே, சுவருக்கும் கைக்கும் நடுவில் இன்னொரு கை இருந்து முட்டியால் தட்டினால் எப்படி இருக்கும்... அப்படி ஒரு அதிர்வு.

கையை இழுத்துக்கொண்டான். நடையில் வெறுங்கால்கள் தடதடவென்று வந்தன. மாமா மூச்சு வாங்கியபடி வாசற்படியில் நின்றார். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்தார்.

"நீ தட்டினியா?"

"இல்ல மாமா."

மாமா தலையாட்டிக்கொண்டார், கணக்கு சரியாக வந்த மாதிரி. "எவ்வளவு வேகமா ஓடினாலும் பதினொரு காலடி இருக்குடா. அந்தப் பதினொரு காலடிக்குள்ள முடிஞ்சிடுது. நாளைக்கு வா. நீ அங்க சுண்டு. நான் முன்னாடியே இங்க வந்து உக்காந்துக்கறேன். கூப்பிடும்போது பக்கத்துலயே இருந்தா போதும்ல?"

வரமாட்டேன் என்று இவனால் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் ஆறரைக்கே போய்விட்டான். வண்டிச் சாவியைப் பட்டறை மேசையில் வைத்தான். வைக்கும்போது முழங்கை பட்டு சாக்பீஸ் தூள் டப்பா உருண்டு, தரையெல்லாம் வெள்ளை.

"பஸ்ஸ எப்படித்தான் ஓட்டறயோ" என்றார் மாமா. "விடு, காலைல பெருக்கிக்கலாம்."

மாமா அன்று சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். முகம் மட்டும் ஒரு மாதிரி சாம்பல் பூத்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ராத்திரி சரியா தூங்கல" என்றார். மேடையிலிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைச் சுவரோரம், அவள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"அவ தட்டினா நான் இந்தக் கரண்டியால ரெண்டு தட்டறேன். நீ நிறுத்திடு. அதுக்கப்புறம் உன் வீட்டுக்கு வரேன், போதுமா?"

ஆறேமுக்காலுக்கு இவன் பட்டறையில் நின்று தந்தியைச் சுண்டினான். தூம்... காத்திருந்தான். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினான். ஒன்றுமில்லை. பத்துத் தடவை சுண்டியிருப்பான். வீடு வாய் திறக்கவில்லை. கடைசியில் சமையலறைக்குப் போய்ப் பார்த்தான். மாமா கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருந்து, அது இன்றைக்கு இல்லையென்று தெரிந்துகொண்ட ஆள் மாதிரி.

"வரல" என்றார்.

"எழுந்திரிங்க மாமா."

"கொஞ்ச நேரம் இருக்கேன். உனக்கு வண்டிக்கு நேரமாச்சு, போ. பட்டறை விளக்க அணைச்சிட்டுப் போ."

இவன் விளக்கை அணைத்தான். கதவைச் சும்மா சாத்திவிட்டுக் கிளம்பினான். எரிகிற ஒரே தெருவிளக்கு வரை போனவன், பையைத் தடவிப் பார்த்தான். வண்டிச் சாவி இல்லை. மேசையிலேயே விட்டுவிட்டான்.

திரும்பினான். கிடங்குகளின் நிழல் சாலையில் நீளமாகக் கிடந்தது. தன் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மாமா வீட்டுக் கதவில் கை வைத்தபோது...

தூம்...

உள்ளே, இருட்டுக்குள்ளிருந்து. தடித்த தந்தி.

கிழவர் விடமாட்டார், அவரே வந்து சுண்டிப் பார்க்கிறார் என்று நினைத்தான். கதவைத் தள்ளினான். காய்ந்த பசை வாசனை. கைபேசி விளக்கைப் போட்டான். பட்டறையில் யாருமில்லை. வாத்தியம் மூலையில் தன் பாட்டுக்குச் சாய்ந்து நின்றது. கிட்டே போய்த் தந்தியில் விரல் வைத்தான். தந்தி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது...

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு.

"மாமா?"

இரண்டாவது தட்டு வரவில்லை. ஒன்றுதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். என் நண்பனும் இந்த இடத்தில் நிறுத்தினான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். அப்புறம்தான் சொன்னான்.

ஒரு தட்டு என்றால், இன்னும் இல்லை. அதைத்தானே மாமா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சமையலறையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்னும் சுண்டச் சொல்கிறார் என்று இவன் எடுத்துக்கொண்டான். பயத்தில், பழக்கமான ஏதாவது ஒன்றைச் செய்தால் தேவலை போல இருந்தது. சுண்டினான். தூம்... ஒரு தட்டு, கொஞ்சம் சன்னமாக. பிடிவாதக்காரர், என்று லேசாகச் சிரிப்புக்கூட வந்ததாம். மறுபடி சுண்டினான். ஒரு தட்டு. கேட்டும் கேட்காத மாதிரி.

அப்போதுதான் அவன் காதில் உறைத்தது. அது டக் இல்லை. தொப்.

அவன் கால் எடுத்து வைக்குமுன்... அவனுக்குப் பக்கத்தில், வாத்தியத்துக்கும் மேசைக்கும் நடுவில், ஆளே இல்லாத இடத்தில், ஓர் இரும்பு தரையில் விழுந்தது. கணீர். யாரோ ஒரு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பியதைப் போல. அவன் தோளை உரசிக்கொண்டு ஒரு காற்று போனது. நடையில் கால்கள் ஓடின. வெறுங்கால்கள். மாமாவின் கால்களைவிட இலேசான கால்கள்.

பின்னாலேயே இவனும் ஓடினான்.

மாமா சுவரோரம் சாய்ந்திருந்தார். கரண்டி எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. வலது கை முட்டி சுவரைத் தொட்டபடி இருந்தது. இடது கை அவர் பக்கத்தில், அந்த ஓர் ஆள் இடத்தில், உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து, பாதி மூடியிருந்தது. இன்னொரு கையைப் பிடித்திருந்தால் எப்படி மூடியிருக்குமோ அப்படி. உடம்பில் சூடு இருந்தது. மூச்சில்லை.

மூன்று தட்டு. அந்த மூன்று தட்டு நேரத்தில் தான் போயிருந்தால் என்று என் நண்பன் சாகிற வரை கேட்டுக்கொண்டிருந்தான். மாமா பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் அவன் வீட்டில் யாராவது எதையாவது கீழே போட்டால்கூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

ஒட்டடைக்குச்சி ஒரு வாரம் கழித்து வந்து வாத்தியத்தை எடுத்துப் போனான். இப்போதும் அதைத்தான் வாசிக்கிறான். பின்னால் தட்டுகிற சத்தம் இல்லவே இல்லையாம். இவ்வளவு அருமையாக யாருமே தூண் நிறுத்தியதில்லை என்கிறான். மாமா தூணைத் தொடவே இல்லை என்பது என் நண்பனுக்குத் தெரியும்.

ஆனால் அவன் என்னிடம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னது அதுவும் இல்லை.

அன்றிரவு, ஆட்கள் வருவதற்கு முன்னால், அவன் நடையில் விளக்கைப் போட்டான். கறுப்புத் தரை. பட்டறையில் கொட்டிக் கிடந்த சாக்பீஸ் தூள் கால்களில் ஒட்டி, தரையில் பதிந்திருந்தது. அவனுடைய செருப்புத் தடமும் மாமாவின் பெரிய வெறுங்கால் தடமும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றை ஒட்டி இன்னொரு தடம், பட்டறை வாசலிலிருந்து சமையலறை வரை. சின்னப் பாதம். மாமாவுக்குப் பதினொரு காலடியான தூரத்தில் இதற்குப் பதினாறு. உள்ளே போன தடம்தான். திரும்பி வந்த தடம் இல்லை.

குனிந்து பார்த்தான். பதினாறிலும் விரல்களும் முன்பாதமும் மட்டும்தான் பதிந்திருந்தன. ஒன்றில்கூடக் குதிகால் தரையைத் தொடவில்லை. தலைதெறிக்க ஓடியிருக்கிறாள்.